குல்மார்க், மணாலி, ஆவ்லி: மூன்று நாள் பனிப் பயணத்துக்கு எந்த ஊர்?

பனி பார்க்கக் கிளம்புகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஊரை முதலில் பிடித்துவிட்டு, பள்ளி விடுமுறைக்குத் தேதியைத் தள்ளித் தள்ளிப் பொருத்துகின்றன. போய் இறங்கினால் பழுப்புப் புல்லும் சேறும்தான் வரவேற்கும். கையில் இருக்கும் தேதியை முதலில் வைத்துக்கொண்டு, அந்த வாரத்தில் எந்த உயரத்தில் பனி கிடக்கும், அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் சாலையில் கழியும் என்று பார்த்து ஊரை முடிவுசெய்வதே சரியான வரிசை. வெள்ளி கிளம்பித் திங்கள் திரும்பும் பயணத்துக்கு இந்தியாவில் பேசப்படும் இடங்கள் மூன்று: காஷ்மீரின் குல்மார்க், இமாசலத்தின் மணாலி, உத்தராகண்டின் ஆவ்லி. சிம்லாவையும் அதன் பக்கத்துக் குஃப்ரியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பனி விழுந்த மறுநாள் அழகாக இருக்கும். ஆனால் விழுந்தது சில நாளில் கரைந்துவிடும், குஃப்ரியில் குதிரைச் சாணமும் சேறும் மிஞ்சும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர் அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

தேதி சொல்வது என்ன

இமயமலையின் குளிர்காலப் பனி மேற்கத்தியக் கலக்கங்களால் வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வுகள் இவை. ஒன்று வந்தால் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை கொட்டும். பிறகு ஒரு வாரமோ அதற்கு மேலோ வானம் சும்மா கிடக்கும். சில ஆண்டுகளில் இடைவெளி நீண்டுவிடும். 2024 ஜனவரியில் குல்மார்க்கிலேயே மாதக் கடைசி வரை தரை தெரிந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

இன்னொரு கணக்கு உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஆகவே 2,050 மீட்டரில் இருக்கும் மணாலி கடைவீதியில் மழையாக விழுவது, அதற்கு மேலே 2,560 மீட்டரில் இருக்கும் சோலாங்கில் பனியாக விழும். குல்மார்க்கின் மேல்மலையில் அதே மழை முழங்கால் ஆழப் பனியாகிவிடும். தங்கும் ஊரின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அங்கிருந்து வண்டியிலோ ரோப்காரிலோ எவ்வளவு உயரம் வரை போக முடியும் என்பதுதான் பனி கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர் விடுமுறைகளை இதன்மேல் வைத்துப் பார்க்கலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் டிசம்பர் கடைசி வாரம் மூன்று ஊர்களுக்கும் மோசமான நேரம். பனி இன்னும் நிலைத்திருக்காது, புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை எகிறும், மணாலிச் சாலை அடைபடும். 2024 டிசம்பர் 23 அன்று சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே பனியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் மணிக்கணக்கில் சிக்கி, போலீசார் ஆட்களை மீட்க வேண்டிவந்தது. அந்த வாரம்தான் கிடைக்கும் என்றால் மேல்மலைக்கு ரோப்கார் இருக்கும் குல்மார்க்கைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பொங்கல் விடுமுறை நல்ல காலம். புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும், குளிர் உச்சத்தில் இருக்கும். காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரி கடைசி வரை நீள்கிறது. பொங்கல் அதன் நடுவில் விழுகிறது. குடியரசு தின வாரக் கடைசியில் பனி நன்றாகவே இருக்கும், ஆனால் ஸ்ரீநகரில் பாதுகாப்புச் சோதனை கூடும், ஒவ்வொரு இடத்திலும் நேரம் போகும். பள்ளி தடையில்லாதவர்கள் பிப்ரவரி முதல் மூன்று வாரங்களில் ஒன்றைப் பிடிக்கட்டும். மூன்று ஊருக்கும் பொதுவாக நல்ல மாதம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதுதான்.

குல்மார்க்

பனி உண்டா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால் குல்மார்க்குக்கு அருகில் மற்ற இரண்டும் வராது. ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்னும் ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத்தோள் வரை, சுமார் 3,950 மீட்டர். முதல் கட்டம் 1998-லும் இரண்டாவது 2005-லும் திறக்கப்பட்டன. கீழே பனி மெலிந்திருந்தாலும் மேலே ஏறிவிட்டால் பனி கிடைக்கும். 2024 போன்ற ஆண்டு விதிவிலக்கு.

கொண்டோலா டிக்கெட் ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷனின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டை விவரத்தோடு நாள் குறித்து வாங்குவது இது. நெரிசல் வாரங்களில் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால் விமான டிக்கெட் எடுத்த அன்றே இதையும் பார்த்துவிடுவது நல்லது. அங்கே போய் நின்றால் இடைத்தரகர் கையில்தான் விழ வேண்டிவரும். ரோப்கார் ஏற கைடு எதுவும் கட்டாயமில்லை. கட்டாயம் என்று சொல்பவரிடம் பேச்சை நீட்ட வேண்டாம். இரண்டாம் கட்டம் பலத்த காற்றுக்கும் பனிச்சரிவு அபாயத்துக்கும் அடிக்கடி நிறுத்தப்படும். ஆகவே இரண்டு நாள் தங்குகிறவர் முதல் நாளுக்கே இரண்டாம் கட்டத்தைப் பதிவு செய்தால், நின்றுபோனாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு மிஞ்சும்.

கீழ் ஸ்டேஷனில் ஏறியவர் சில நிமிடங்களில் 1,300 மீட்டர் உயர்ந்துவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது. தலைவலி, மூச்சு வாங்குதல், வயிற்றைப் புரட்டுதல் எல்லாம் அஃபர்வட்டில் சாதாரணம். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் கோங்டூரியோடு நிற்கட்டும். அங்கேயே பனி போதுமான அளவு இருக்கும், டீக்கடையும் உண்டு. மேலே போகிறவர்கள் அரை மணி, முக்கால் மணியில் இறங்கிவிடலாம்.

ஸ்கீயிங், அதாவது காலில் நீள்பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது, கற்க வேண்டும் என்பவருக்கும் குல்மார்க்கே. ஊர் நடுவே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவுகளில் தொடக்கக்காரர்களை இழுத்து ஏற்றும் லிஃப்ட் இருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் லிஃப்ட் இல்லாத சரிவில் ஒவ்வொரு முறையும் ஸ்கீயோடு நடந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் கால் ஓய்ந்துவிடும், கற்பதற்குத் தெம்பு இருக்காது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனமும் இங்கேதான் பல நாள் வகுப்புகள் நடத்துகிறது. அஃபர்வட்டின் திறந்த சரிவுகள் வேறு கதை. 2023 பிப்ரவரி 1-ல் அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டு ஸ்கீ வீரர்கள் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். ஸ்கீ ரோந்துப் படை கயிறு கட்டியிருக்கும் எல்லைக்கு வெளியே, புதையுண்டவரைத் தேடும் சிக்னல் கருவி, மண்வாரி, நீள்கம்பி, உள்ளூர் வழிகாட்டி நான்கும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பனிச்சரிவு அபாய அளவைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் அறிவிக்கிறது. குளிர்காலத்தில் செய்திகளிலும் வரும். பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

போய்ச் சேரும் வழி எளிது. சென்னையிலிருந்து டெல்லி மாறி ஸ்ரீநகர். விமான நிலையத்திலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தங்மார்க் வரை எந்த வண்டியும் போகும். அதற்கு மேல் 13 கிலோமீட்டர் மலைப்பாதையில் பனி கிடந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நாலு சக்கர இழுவை (4x4) வண்டியோதான் அனுமதி. ஸ்ரீநகரிலேயே வண்டி பேசும்போது "குல்மார்க் ஹோட்டல் வாசல் வரையா, தங்மார்க் வரையா" என்று கேட்டுவிட்டால் நடுவழியில் இன்னொரு வண்டிக்குத் தனியாக அழ வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரி காலைகளில் பனிமூட்டத்தால் ஸ்ரீநகர் விமானங்கள் தாமதமாகும், சில நாள் ரத்தாகும். நண்பகலை ஒட்டி இறங்கும் விமானம் பாதுகாப்பு. கடைசி இரவைக் குல்மார்க்கில் வைக்காமல் ஸ்ரீநகரில் வைத்தால், இரவில் பனி கொட்டித் தங்மார்க் சாலை மூடினாலும் விமானம் தப்பாது.

இன்னும் ஒன்று: மற்ற மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. டிக்கெட் எடுக்கும் முன்பும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பும் நிலவரம் பார்ப்பது அவசியம். திரும்பப் பணம் கிடைக்கும் டிக்கெட்டும் அறையும் கொஞ்சம் விலை கூடுதலானாலும் இந்த ஊருக்கு அதுதான் சரி.

மணாலி

மணாலியின் பலம் அது ஓர் உண்மையான ஊர் என்பது. மருந்துக்கடை, மருத்துவமனை, பல விலையில் அறைகள், தென்னிந்திய இட்லி தோசை, வசிஷ்ட் கிராமத்து வெந்நீர் ஊற்று, தேவதாரு காட்டுக்குள் ஹிடிம்பா கோயில். தாத்தா பாட்டி, சின்னக் குழந்தைகளோடு முதன்முதலாகப் பனியைத் தொடப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். இரவில் தங்குவது 2,050 மீட்டரில். குளிரும் குல்மார்க் அளவு கடிக்காது. பகலில் மேலே போய்ப் பனியில் விளையாடிவிட்டு மாலையில் இறங்கிவிடலாம். முடியாதவர்கள் அறையிலேயே வெயில் காயலாம்.

பலவீனம், பனி ஊருக்குள் இல்லை என்பது. அதைத் தேடிப் போக வேண்டும். 13 கிலோமீட்டரில் சோலாங். அங்கே பனி போதாவிட்டால் இன்னும் மேலே அடல் சுரங்கம். 2020 அக்டோபரில் திறந்த, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சுரங்கத்தின் இரு வாயும் 3,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், மறுபக்கம் லாஹௌல் பள்ளத்தாக்கில் சிஸ்ஸு சுற்றுவட்டாரத்தில் சோலாங்கைவிடப் பனி நம்பகமானது. ரோஹ்தாங் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும்; ரோஹ்தாங் காட்டுகிறேன் என்று ஜனவரியில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிஸ்ஸு பக்கத்துக் கிராமங்கள் தங்கள் குளிர்காலப் பண்டிகைகளுக்காக ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு. அந்த வாரங்களில் போகிறவர் ஹோட்டலில் கேட்டுக்கொண்டு மேலே போகட்டும். ஊராரின் வழிபாட்டு நாட்கள் அவை, மதித்து நடக்க வேண்டும்.

புதுப் பனி விழுந்த நாளில் போலீசார் நேரு குண்ட் அருகே வண்டிகளை நிறுத்தி நாலு சக்கர இழுவை வண்டிகளை மட்டும் மேலே விடுவார்கள். சென்னையிலிருந்து போகிறவர் சண்டிகரிலோ டெல்லியிலோ செல்ஃப் டிரைவ் கார் எடுத்து இந்தச் சாலையில் ஓட்டவே கூடாது. பகலில் உருகிய நீர் மாலையில் தாரின்மேல் கண்ணாடிப் படலமாக உறைந்துவிடும். பார்த்தால் ஈரச் சாலை மாதிரிதான் தெரியும், பிரேக் பிடித்தால் வண்டி நேராக வழுக்கிக்கொண்டே போகும். நாலு சக்கர இழுவை ஏறத்தான் உதவும், நிற்க உதவாது. காலை 7 மணிக்குள் கிளம்பிப் பிற்பகல் 3 மணிக்குள் இறங்கத் தொடங்கினால் கூட்டம், உறைந்த தார் இரண்டையும் தவிர்க்கலாம்.

போய்ச் சேருவதுதான் மணாலியின் பெரிய விலை. டெல்லியிலிருந்து பேருந்தில் 12 முதல் 14 மணி நேரம். சென்னையிலிருந்து சண்டிகர் பறந்து அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் காரில் போனால் ஏழெட்டு மணி நேரம்; புதிய சுரங்கங்கள் வந்தபின் இது தேவலாம். 50 கிலோமீட்டரில் இருக்கும் புந்தர் விமான நிலையத்துக்குச் சிறு விமானங்கள்தான், அவையும் வானிலைக்குக் கட்டுப்பட்டவை. குலு–மணாலிச் சாலை 2023, 2025 வெள்ளங்களில் பலமாகச் சேதப்பட்டது. ஆகவே திரும்பும் நாளில் மூன்று மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொண்டுதான் விமானம் பிடிக்க வேண்டும். மூன்று நாளில் மணாலி போவதென்றால் பனியில் நிற்பது ஒரே ஒரு முழுப் பகல். நான்கு இரவு கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

ஆவ்லி

2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை நீளும் வடக்கு நோக்கிய சரிவு, எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி, கூட்டம் குறைவு. காட்சி அழகுக்கு மூன்றில் முதலிடம் இதற்கே. ஆனால் வாரக் கடைசிப் பயணத்துக்கு ஆவ்லி ஒத்துவராது. ரிஷிகேஷிலிருந்து ஆவ்லியின் அடிவார ஊரான ஜோஷிமட் 250 கிலோமீட்டர், மலைச் சாலையில் ஒன்பது பத்து மணி நேரம். டேராடூனில் நண்பகல் இறங்குகிறவர் அன்று இருட்டுவதற்குள் ருத்ரபிரயாகை தாண்டினாலே பெரிது. மலைச் சாலையில் இரவில் ஓட்டுவது இங்கே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, அது நல்லதும்கூட.

2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஆவ்லிக்கு ஏறும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ரோப்வே நிறுத்தப்பட்டது. பழைய பயணக் குறிப்புகள் அதை நம்பித் திட்டம் போடச் சொல்கின்றன, அவற்றை விட்டுவிட வேண்டும். இப்போது காரில் ஏறி, மேலே மாநில அரசின் சுற்றுலாக் கழகமான கட்வால் மண்டல் விகாஸ் நிகாமின் சேர்லிஃப்டைப் பயன்படுத்தலாம். அதே நிகாம் ஒரு வார, இரண்டு வார ஸ்கீ வகுப்புகளும் நடத்துகிறது. ஒரு வார விடுப்போடு முறையாகக் கற்க நினைக்கும் இளைஞருக்கு இது அருமையான இடம். பனி மட்டும் பிப்ரவரியில்தான் ஓரளவு நிச்சயம்.

திவ்ய தேச யாத்திரை மனத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த வழிக்கு வேறொரு மதிப்பு உண்டு. வழியில் தேவபிரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட் நரசிம்மர் கோயிலைத் திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி என்று கொள்வது மரபு. குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும்போது அதன் பூஜைகளுக்கும் ஜோஷிமட்டுக்கும் தொடர்பு உண்டு; கூட்டமில்லாமல் தரிசிக்கலாம். ஆறு நாள் ஒதுக்க முடிந்தால், பெரியவர்களுக்குக் கோயில், பிள்ளைகளுக்குப் பனி என்று இரண்டும் நிறைவேறும் பயணம் இது ஒன்றுதான்.

பனியில் என்ன செய்வது, என்ன கேட்பது

மூன்று இடத்திலும் சண்டை வருவது ஒரே காரணத்தால்: விலை எதற்கு என்று முன்பே பேசாதது. ஸ்லெட்ஜ் என்னும் சறுக்குப் பலகைக்கு, விலை தலைக்கா பலகைக்கா, ஒரு வழியா இரு வழியா, எந்த இடம் வரை என்று கேட்க வேண்டும். ஸ்னோ ஸ்கூட்டருக்கு எத்தனை நிமிடம் அல்லது எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். ஸ்கீக்கு, கருவி வாடகையும் கற்றுத்தருபவர் கூலியும் சேர்த்தா என்பதோடு, எத்தனை மணி நேரம் என்பதும் முக்கியம். சோலாங்கில் அரை மணி நேர ஸ்கீ என்பது பெரும்பாலும் போட்டு நின்று படம் எடுத்துக்கொள்வதோடு முடியும். உண்மையில் கற்க அரை நாள் வேண்டும். விழுவது, பக்கவாட்டில் எழுவது, சரிவுக்குக் குறுக்கே நின்று படிபோல ஏறுவது, முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து நிற்பது: இந்த நான்கும் கைவந்த பிறகுதான் லிஃப்டில் ஏற வேண்டும். ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் உங்கள் தாடை உயரம் வந்தால் போதும். பூட்ஸில் முன்னால் சாய்ந்தால் குதிகால் எழக் கூடாது, எழுந்தால் ஒரு எண் சின்னது கேளுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். கம்பளிக் காலுறை ஒரே ஜோடி, மாற்ற இன்னொன்று பையில்.

ஊட்டிக்குக் கொண்டுபோகும் ஸ்வெட்டர் இங்கே போதாது. உடலை ஒட்டித் தெர்மல், நடுவே ஃப்ளீஸ் அல்லது கம்பளி, வெளியே நீர் புகாத ஜாக்கெட், நீர் புகாத பேன்ட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சும். மணாலி–சோலாங் சாலையோரக் கடைகளிலும் தங்மார்க்கிலும் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். கோட் பரவாயில்லை, பூட்ஸ் முந்தைய நாள் ஈரத்தோடு வரும், உள்ளே கைவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கையுறையைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள், கம்பளிக் கையுறை பனி உருண்டை பிடித்த பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். வெயில் நாளில் பனி புறஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும். குழந்தைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். சன்ஸ்க்ரீன் மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் தடவ வேண்டும்.

அறை பதிவு செய்யும்போது மூன்று கேள்வி: மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், குழாய் உறைந்தால் வெந்நீர் வாளியில் தருவார்களா, அறையைச் சூடாக்குவது எது? மின் போர்வையோ மையச் சூடேற்றமோ இருந்தால் நிம்மதி. கரி அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டி, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் இரண்டும் மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு கக்கும். வாசனை இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போகும். இப்படிக் குடும்பமாகச் செத்துப்போன செய்தி குளிர்காலங்களில் வருகிறது. புகைபோக்கி உள்ள புகாரி என்னும் விறகு அடுப்பானாலும் படுக்கும் முன் அணைத்துவிட்டு, ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்துத் தூங்குங்கள். அணைத்தால் குளிரும் என்று சொல்லும் விடுதியில் கூடுதலாக இரண்டு ரஜாய் (பஞ்சுப் போர்வை) கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.